மாசி, மாசிமா, ஆயா சென்டர்

கொல்கத்தாவில் முதியோர் பராமரிப்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு இடங்களுக்கு நடுவிலேயே ஊசலாடுகிறது. ஒன்று பிள்ளைகளின் வீடு. மற்றொன்று முதியோர் இல்லம். முன்னது கடமை நிறைவேறும் இடமாகவும் பின்னது கடமை கைவிடப்பட்ட இடமாகவும் செய்தித்தாள்களிலும் திரைப்படங்களிலும் சித்திரிக்கப்படுகின்றன. ஆனால் பாலிகஞ்ச், கரியாஹாட், ஜோத்பூர் பார்க், சால்ட் லேக் போன்ற நடுத்தர வர்க்கக் குடியிருப்புகளில் வேரூன்றியிருப்பது இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது ஏற்பாடு. முதியவர் தம் சொந்த வீட்டிலேயே இருக்கிறார். பிள்ளை பெங்களூரிலோ நியூஜெர்சியிலோ இருக்கிறார். காலை எட்டு மணிக்கு ஒரு பெண் வருகிறார். இரவு எட்டு மணிக்கு மற்றொரு பெண் வந்து அவரிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொள்கிறார். இவ்விருவரையும் அனுப்பும் இடத்துக்குக் கொல்கத்தாவில் 'ஆயா சென்டர்' என்று பெயர்.

முதியோரை வீட்டில் வைத்துப் பராமரிக்க என்ன ஏற்பாடு செய்வது என்னும் கேள்வி, அந்தப் பராமரிப்பைச் செய்பவர் யார் என்னும் கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டே இந்நாட்டில் கேட்கப்படுகிறது. சட்டம் அப்படிக் கேட்கிறது. குடும்பம் அப்படிக் கேட்கிறது. ஆய்வுலகமும் ஓரளவு அப்படியே கேட்கிறது. கேள்வி இவ்வாறு அமைந்திருக்கும்வரை முதியவருக்கும் பாதுகாப்பில்லை என்பதே இப்பதிவின் வாதம்.

ஆய்வுலகத்தைப் பற்றி ஒரு சொல். கொல்கத்தாவின் முதுமையைப் பற்றியும் அந்நகரின் வீட்டுவேலையைப் பற்றியும் நல்ல நூல்கள் உள்ளன. சாரா லாம்ப் 2009இல் வெளியிட்ட நூல் அந்நகரின் முதியோர் இல்லங்களையும் வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளையும் ஒருங்கே வைத்துப் பார்க்கிறது. அதே ஆண்டில் ராகா ராயும் சீமின் கயூமும் கொல்கத்தா வீடுகளின் ஏவற்பண்பாட்டைப் பற்றி எழுதினர். சமிதா சென், நீலாஞ்சனா சென்குப்தா ஆகியோரின் நூல் 2016இலும், மருத்துவத் துறையில் செவிலியர், ஆயாக்களின் நிலையைப் பற்றிப் பாஞ்சாலி ராய் எழுதிய நூல் 2019இலும் வந்தன. எனினும் முதலாவது நூல் நூலகத்தில் முதுமையியல் அடுக்கில் இருக்கும்; ஏனையவை தொழிலாளர், பெண்ணியம் என்னும் அடுக்கில் இருக்கும். முதியவரும் ஆயாவும் ஒரே அறையில் பன்னிரண்டு மணி நேரம் இருக்க, அவர்களைப் பற்றிய நூல்கள் வேறு வேறு தளங்களில் இருக்கின்றன.

ஆயா சென்டர் இயங்கும் விதம் எளிது. விளக்குக் கம்பங்களிலும் மருந்துக் கடைகளின் முகப்பிலும் 'ஆயா', 'நர்ஸ்' என்னும் சொற்களோடு ஒரு கைப்பேசி எண் ஒட்டப்பட்டிருக்கும். குடும்பத்தினர் அந்த எண்ணைத் தேடுவது பெரும்பாலும் மருத்துவமனையிலிருந்து முதியவர் வீடு திரும்பும் நாளில்தான். இடுப்பெலும்பு முறிந்து அறுவை முடிந்தவர், பக்கவாதம் கண்டவர், மூக்குக் குழாயோடும் சிறுநீர்க் குழாயோடும் அனுப்பப்பட்டவர் ஆகியோரை இனி வீட்டில் யார் தூக்கி உட்கார வைப்பது என்பது அன்று பிற்பகலில்தான் உறைக்கிறது. தொலைபேசியில் கேட்கப்படும் கேள்விகள் சிலவே: ஆணா பெண்ணா, எடை எவ்வளவு, படுத்த படுக்கையா, டயப்பர் உண்டா, குழாய் உண்டா, பன்னிரண்டு மணி நேரமா முழுநாளா. விடைகளைப் பொறுத்துக் கூலி ஏறும் இறங்கும். கூலியில் ஒரு பங்கு சென்டருக்கு. ஆயா ஒருநாள் வராவிட்டால் வேறொருவர் வருவார். அவருக்கு முதியவரின் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

இந்தப் பேச்சில் இருவர் இடம்பெறுவதில்லை. முதியவரிடம் எவரும் எதுவும் கேட்பதில்லை: எத்தனை மணிக்குக் குளிப்பீர்கள், எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பீர்கள், உங்களைத் தொடுபவர் பெண்ணாக இருப்பதில் தயக்கம் உண்டா. ஆயாவிடமும் கேட்பதில்லை: இவ்வளவு எடையுள்ளவரைத் தனியே புரட்ட முடியுமா, நேற்றிரவு வேறொரு வீட்டில் விழித்திருந்தீர்களா. பேச்சு மகனுக்கும் சென்டர்க்காரருக்கும் இடையில் முடிந்துவிடுகிறது. எழுத்தில் ஏதும் இருப்பதில்லை.

'இரவு ஆயா தூங்கிவிடுகிறாள்' என்பது கொல்கத்தாக் குடும்பங்களின் நிரந்தரப் புகார். புகார் பொய்யன்று. ஆனால் அவர் எங்கிருந்து வருகிறார் என்பதையும் சேர்த்தே அதைக் கேட்க வேண்டும். தெற்குக் கொல்கத்தாவின் ஆயாக்களும் வீட்டுப் பணியாளர்களும் பெருமளவில் சியால்தா தெற்குப் பிரிவின் ரயில்களில் வருகிறார்கள். கேனிங், டயமண்ட் ஹார்பர், லட்சுமிகாந்தபூர் தடங்களில் விடியுமுன் ஏறி, கரியா, ஜாதவ்பூர், டாகுரியா, பாலிகஞ்ச் நிலையங்களில் இறங்குகிறார்கள். கேனிங் வண்டிக்கு நகரத்தார் இட்ட இழிபெயர் ஒன்று உண்டு. வேலைக்காரிகளின் சிறப்பு ரயில் என்பது அதன் பொருள். அத்தடத்தின் முடிவில் சுந்தரவனம். 2009 மே மாதம் ஐலா புயல் கரைகளை உடைத்து வயல்களில் உப்புநீரை நிறைத்தபின், கோசாபா, பாசந்தி போன்ற பகுதிகளிலிருந்து ஆண்கள் வெளிமாநிலங்களுக்கும் பெண்கள் கொல்கத்தாவுக்கும் வேலை தேடிப் புறப்பட்டனர். பாலிகஞ்ச் வீட்டின் இரவு விழிப்புக்கும் சுந்தரவனத்தின் கரையுடைப்புக்கும் உள்ள தொடர்பு இத்துணை நேரடியானது.

இனி 'ஆயா' என்னும் சொல். போர்த்துக்கீசிய மொழியில் 'அய்யா' என்று ஏறத்தாழ ஒலிக்கும் சொல் செவிலித்தாயைக் குறிக்கும்; லத்தீனில் பாட்டியைக் குறிக்கும் 'அவியா' என்னும் சொல்லோடு அதைச் சொற்பிறப்பியலார் இணைப்பர். இந்தியக் கடற்கரைகளில் இறங்கிய அச்சொல் ஆங்கிலேயர் வீடுகளில் குழந்தை வளர்க்கும் பெண்ணின் பெயராயிற்று. 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் அதற்குத் தனிப் பதிவு உண்டு. துரைமார் குடும்பங்களோடு கப்பலேறி லண்டன் சென்று, திரும்பிவரப் பயணச்சீட்டு இல்லாமல் விடப்பட்ட ஆயாக்கள் தங்குவதற்கென ஹாக்னியில் ஓர் இல்லம் இருந்தது. 2022 ஜூன் மாதம் அந்தக் கட்டடத்தில் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. எழுத்தில்லாத ஒப்பந்தத்தின் பழைமை இவ்வளவு.

தமிழில் இச்சொல்லுக்கு வேறொரு பக்கம் உண்டு. செட்டிநாட்டில் ஆயா என்றால் தாயைப் பெற்றவள். வட தமிழகத்தின் பல பகுதிகளில் பாட்டி. தாயைக் குறிக்கும் 'ஆய்' பழந்தமிழ்ச் சொல். போர்த்துக்கீசியரின் சொல்லும் தமிழரின் சொல்லும் வேறு வேறு குடும்பத்தில் பிறந்து ஒரே ஒலியில் வந்து நிற்கின்றன. பள்ளிக்கூட ஆயா, ஆஸ்பத்திரி ஆயா என்னும்போது எந்த ஆயா ஒலிக்கிறார் என்பதைப் பிரித்தறிய முடியாது. உறவும் ஏவலும் ஒரே சொல்லில் கலந்துவிடுவது விபத்தாக நேர்ந்தது. ஆனால் அந்தக் கலப்பால் பயன்பெறுவோர் இருப்பதால் அது நிலைத்தது.

வங்காள மொழியில் இந்தக் கலப்பு இன்னும் துல்லியமாக நடக்கிறது. தாயின் சகோதரிக்கு 'மாசி' என்று பெயர். வீட்டுவேலை செய்யும் பெண்ணையும் மருத்துவமனை ஆயாவையும் 'மாசி' என்றே அழைப்பார்கள். அந்தப் பெண் தாம் பராமரிக்கும் மூதாட்டியை 'மாசிமா' என்று அழைப்பார். இருவரும் ஒருவருக்கொருவர் தாயின் சகோதரி! வேறுபாடு ஈற்றில் உள்ள 'மா' என்னும் ஓரசை மட்டுமே. அந்த ஓரசையில் கூலி கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்பது அடங்கிவிடுகிறது. முன்னிலைப் பெயர்களும் இவ்வாறே. 'ஆப்னி', 'துமி', 'துய்' என மூன்று படிகள் வங்காளத்தில் உண்டு. மூதாட்டி ஆயாவைத் துமி என்பார். சில வீடுகளில் துய். ஆயா மூதாட்டியை ஆப்னி என்பார். மறதிநோய் முற்றியபின் சில வீடுகளில் ஆயாவும் துமிக்கு இறங்குவதுண்டு, குழந்தையிடம் பேசுவதுபோல. அந்த இறக்கத்தைப் பாசம் என்று சிலரும் மரியாதைக் குறைவு என்று சிலரும் கொள்வர். பேசப்படுபவர் எப்படிக் கொள்கிறார் என்பதற்குச் சான்று தேடினால் அமெரிக்காவில் கிறிஸ்டின் வில்லியம்ஸ் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மறதிநோய் கண்ட முதியோரிடம் மழலைப் பாணியில் பேசும்போது அவர்கள் பராமரிப்பை எதிர்ப்பது அதிகமாகிறது என்று அது கண்டது. கையைத் தட்டிவிடும் முதியவர் எல்லாரும் 'அடம்பிடிப்பவர்' அல்லர்.

உறவுச்சொல் வேண்டாம் என்பது இங்கு வாதமன்று. உடலைத் துடைத்துவிடும் ஒருவரை 'பணியாளர் அவர்களே' என்று எவரும் விளிக்கப்போவதில்லை, விளிக்கவும் கூடாது. உறவுச்சொல் இல்லாமல் அந்த நெருக்கத்தைத் தாங்க இருவராலும் இயலாது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. விடுப்பு கேட்கும்போது அவர் மாசி: 'வீட்டு மனுஷிபோல இருந்துவிட்டு இப்படி விட்டுப்போகலாமா?' பொருள் காணாமற்போனால் அவர் சென்டரிலிருந்து வந்த ஆள். தமிழர் இதில் வங்காளிகளுக்கு இளைத்தவர் அல்லர். 'அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் போட்டிருக்கிறோம்' என்னும் தொடரில் பார்த்துக்கொள்ளல் என்னும் வினைக்கு உள்ள கனிவு முழுவதும் அம்மாவைச் சேர்கிறது; செய்பவருக்கு 'ஆள்' என்னும் சொல் மட்டும் எஞ்சுகிறது. செவிலியர் படிப்புப் படிக்காதவரைச் சென்னையில் 'ஹோம் நர்ஸ்' என்று விளம்பரப்படுத்துவது இதன் மறுபக்கம். பெயர் உயர்ந்திருக்கிறது, பயிற்சியும் உரிமையும் கூடவே உயரவில்லை.

மொழி இந்த ஏற்பாட்டில் அலங்காரமன்று, கருவி என்பதைக் காண லேக் மார்க்கெட் பக்கம் வர வேண்டும். பிரித்தானிய வணிக நிறுவனங்களிலும் அரசு அலுவலகங்களிலும் தட்டச்சராகவும் சுருக்கெழுத்தராகவும் கணக்கராகவும் வந்த தமிழர்கள் ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டிய தெருக்களில் குடியேறினர். வாழை இலையும் காபிப் பொடியும் விற்கும் கடைகள் அங்கு இன்றும் உண்டு. குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் பெரும்பாலும் அங்கு இல்லை; தங்கிவிட்ட முதியோர் உண்டு. அவர்களுக்கு வங்காளம் நன்றாகவே தெரியும். மீன்காரரிடம் பேரம் பேச அன்று, ஏனெனில் பலர் மீன் வாங்காதவர். அண்டை வீட்டாரோடு ஐம்பது ஆண்டுகள் பேசித் தெரிந்த வங்காளம். அத்தகைய மூதாட்டிக்கு மறதிநோய் வந்தால் எந்த மொழி முதலில் நழுவும்? பிற்காலத்தில் கற்ற மொழி நழுவுவதும் இரு மொழிகளும் கலந்து வருவதும் இருமொழியாளர் பற்றிய ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. எல்லாருக்கும் ஒரே வரிசையில் நிகழ்வதில்லை. இருமொழியத்தின் நன்மையைப் பற்றி இந்தியாவிலிருந்தே ஒரு புகழ்பெற்ற ஆய்வு உண்டு. சுவர்ணா அல்லாடி குழுவினர் ஹைதராபாதில் 648 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து, இருமொழியாளருக்கு மறதிநோய் ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் தாமதமாகத் தொடங்குகிறது என்று 2013இல் வெளியிட்டனர். மொழியியல் வகுப்புகளில் அதைச் சொல்லிப் பெருமைப்படுவது வழக்கம். நோய் வந்தபின் அந்த இருமொழியாளரை எந்த மொழியில் குளிப்பாட்டுவது என்னும் கேள்வி அவ்வகுப்புகளில் எழுவதில்லை.

வலியைச் சொல்லும் சொற்களை எடுத்துக்கொள்ளலாம். தமிழில் வலி குத்தும், குடையும், கடுக்கும், எரியும், இழுக்கும், தெறிக்கும். பல்லுக்குள் குடைவதும் முழங்காலில் கடுப்பதும் ஒன்றல்ல என்பது தமிழ் பேசும் எவருக்கும் தெரியும். வங்காளம் இதே வேலையைப் பெரும்பாலும் இரட்டைக்கிளவிகளால் செய்கிறது. புண் பழுத்துத் தெறிப்பது 'டொன்டொன்'. எலும்புக்குள் குளிர்போல ஊடுருவுவது 'கொன்கொன்'. மெல்லிய ஊசிவலி 'சின்சின்'. மரத்துப்போன காலில் ஓடுவது 'ஜின்ஜின்'. இத்தகைய ஒலிக்குறிப்புச் சொற்களை இலக்கணம் ஒதுக்கிவைத்திருந்த காலத்தில் அவற்றைத் தொகுத்து ஆராய்ந்தவர் ரவீந்திரநாத் தாகூர். அக்கட்டுரை 1909இல் வந்த 'சப்ததத்வ' நூலில் இடம்பெற்றது. தமிழில் 'விண்விண்' என்று தெறிப்பதைக் கேட்டுப் பழகியவருக்கு 'டொன்டொன்' உடனே பிடிபட்டுவிடும். ஆனால் 'கடுக்கிறது' என்று மூதாட்டி முனகினால் கேனிங் பக்கத்திலிருந்து வந்த பெண் அதை எந்தச் சொல்லுக்கு மாற்றுவார்? மாற்றியாக வேண்டும். ஏனெனில் மாலையில் மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லப்போகிறவர் அவர்தான். அல்லது மகனுக்குச் சொல்வார், மகன் ஆங்கிலத்தில் மருத்துவருக்குச் சொல்வார். மூன்று மொழிகளைத் தாண்டி வலி மருந்துச் சீட்டை அடைகிறது.

தமிழ் மூதாட்டி இங்கு ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி மட்டுமே. வங்காளி வீட்டிலும் நடப்பது இதுதான். பாலிகஞ்சின் வங்காளமும் சுந்தரவனத்தின் வங்காளமும் ஒன்றல்ல. பக்கவாதத்தால் பேச்சு குழறிய ஒருவரின் சொல்லைப் பத்து நாளில் பிடித்துக்கொண்டு வீட்டாருக்கே பொருள் சொல்லும் ஆயாக்கள் உண்டு. அவர் மொழிபெயர்ப்பாளர். எப்போது புரட்டாவிட்டால் முதுகில் புண் வரும் என்பதை அறிந்தவர். சிறுநீரின் நிறம் மாறினால் முதலில் காண்பவர். இத்தனையும் சேர்ந்த வேலைக்கு 'திறனற்ற உழைப்பு' என்று பெயர் வைப்பது எளிதாக இருப்பதற்குக் காரணம், அதைக் குடும்பத்துப் பெண்கள் கூலியின்றிச் செய்துவந்ததுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம். உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மாவட்டத்துக்கு ஒன்றேனும் என்ற அளவில், 150 பேர் தங்கும் முதியோர் இல்லங்களை மாநிலம் அமைக்கலாம். ஆக, பிள்ளையைச் சட்டம் அறியும், இல்லத்தையும் அறியும். வீட்டுக்கு வந்து பராமரிப்பவர் அதில் இல்லை. 2019 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா, வீட்டுப் பராமரிப்புச் சேவை தரும் நிறுவனங்களைப் பதிவு செய்யவும் அவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கவும் முன்மொழிந்தது. அது நிறைவேறாமலே 2024இல் அந்த மக்களவையோடு காலாவதியாயிற்று. தொழிலாளர் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிலை இதுவே. வீட்டுப் பணியாளர் உரிமை பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் ஏற்கப்பட்டது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது, ஏற்புறுதி அளிக்கவில்லை. வீட்டுப் பணியாளருக்குச் சட்டக் கட்டமைப்பு வேண்டுமா என ஆராயக் குழு அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. சத்தீஸ்கர் 2013இல் ஆளனுப்பும் முகமைகளுக்கெனச் சட்டம் இயற்றியது. டெல்லி 2014இல் ஆணை பிறப்பித்தது. அவற்றின் முதன்மை நோக்கம் ஆள்கடத்தலைத் தடுப்பது. நோயாளியின் தலைமாட்டில் நிகழ்வது அவற்றின் பார்வைக்கு வெளியே.

கொல்கத்தாவில் 2009 முதல் காவல்துறை, ஒரு தன்னார்வ அமைப்போடு சேர்ந்து, தனித்து வாழும் மூத்தோருக்காக 'பிரணாம்' என்னும் திட்டத்தை நடத்துகிறது. நல்ல திட்டம். அவசரத்தில் அழைக்க ஓர் எண், வந்து விசாரிக்க ஓர் அதிகாரி என்பவை தனியாக இருப்பவருக்குச் சிறிய உதவி அல்ல. ஆனால் அதே காவல்துறை, வீட்டில் வேலைக்கு வைப்பவரின் விவரங்களைக் காவல் நிலையத்தில் தருமாறும் குடும்பங்களைக் கேட்டுக்கொள்கிறது. பல ஆயாக்களைப் பொறுத்தவரை, செய்யும் வேலையோடு சேர்த்து அவர்களின் பெயர் அரசுத் தாளில் ஏறுவது அந்த ஒரு படிவத்தில்தான். பராமரிப்பவராக அன்று, நாளை ஏதேனும் நடந்தால் தேடப்பட வேண்டியவராக.

பெயரில்லாத வேலைக்கு என்ன நேரும் என்பது பெருந்தொற்றுக் காலத்தில் தெரிந்தது. 2020 மார்ச்சில் நின்ற புறநகர் ரயில்கள் நவம்பர் 11 அன்றுதான் மீண்டும் ஓடின. 2021 மே மாதம் மறுபடி நின்று அக்டோபர் 31இல் தொடங்கின. இடையில் ரயில்வே ஊழியருக்கெனச் சிறப்பு வண்டிகள் இயங்கின. பிறகு மருத்துவத் துறையினர் முதலான சிலரும் அடையாள அட்டையைக் காட்டி ஏறலாம் என்றாயிற்று. ஆயாவிடம் அட்டை இல்லை. அவர் மருத்துவத் துறையைச் சேர்ந்தவரா, வேலைக்காரியா என்னும் கேள்வியை எந்தப் பல்கலைக்கழகமும் தீர்த்துவைக்கவில்லை. ரயில் நிலைய வாயில் தீர்த்துவைத்தது. 2021 ஜூனில் சோனார்பூரிலும் மல்லிக்பூரிலும் பயணிகள் தண்டவாளத்தில் இறங்கி மறியல் செய்தபோது, வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்களும் வண்டியில் ஏற்றக் கோரியவர்களில் இருந்தனர். நகரத்தின் மறுமுனையில், மூக்குக் குழாயில் உணவு செலுத்தத் தெரியாத எழுபது வயது மனைவி, எண்பது வயதுக் கணவரோடு தனியே இருந்த வீடுகள் எத்தனை என்று எவரும் எண்ணவில்லை. 2020 மே 20 அன்று அம்பன் புயல் அடித்து நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரமும் தண்ணீரும் இல்லாதிருந்தபோது, ஆயாவின் வீட்டுக் கூரையும் முதியவரின் காற்றுப் படுக்கைக்கான மின்சாரமும் ஒரே இரவில் போயின.

இவையெல்லாம் கொல்கத்தாவின் தனிச்சிக்கல் என்று தமிழ்நாட்டில் இருப்போர் கருத வேண்டியதில்லை. கொல்கத்தா மாநகராட்சியின் மக்கள்தொகை 2001இல் 45.7 லட்சம், 2011இல் 45 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் மேற்கு வங்காளத்தின் மொத்தக் கருவள விகிதம் 1.6, தமிழ்நாட்டில் 1.8. இடைவெளி மிகச் சிறிது. பிள்ளைகள் குறைவாகவும் தொலைவிலும் உள்ள முதுமை மயிலாப்பூருக்கும் கும்பகோணத்துக்கும் வந்தாயிற்று.

கடினமான மறுப்பு ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆயாவுக்கு அட்டை, பயிற்சி, குறைந்தபட்சக் கூலி, வார விடுப்பு எல்லாம் வந்தால் செலவு ஏறும். கொல்கத்தாவில் இவர்களை அமர்த்துவோர் எல்லாரும் செல்வர் அல்லர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், மூடிய ஆலையின் எழுத்தர், குடும்ப ஓய்வூதியத்தில் வாழும் கைம்பெண் ஆகியோரும் அவர்களுள் உண்டு. பகல் இரவு இரண்டுக்கும் ஆள் வைத்தால் மாதத்துக்கு 60 ஷிப்டுகள். கூலி ஏறினால் இவர்கள் இரவு ஆயாவை நிறுத்திவிடுவார்கள். இரவில்தான் முதியவர் கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுகிறார். ஆகவே இரு ஏழைமைகளை ஒன்றோடொன்று மோதவிட்டு எந்தப் பக்கம் நியாயம் என்று கேட்பது பயனற்றது. மூன்றாவது கை ஒன்று பணம் தர வேண்டும். ஜெர்மனி 1995இலும் ஜப்பான் 2000இலும் நீண்டகாலப் பராமரிப்புக்கெனத் தனிக் காப்பீடு தொடங்கின. ஜப்பானில் முதியவரின் தேவை ஏழு படிகளாக மதிப்பிடப்பட்டு, அதற்கேற்ப வீட்டுக்கு வரும் உதவிக்கான செலவின் பெரும்பகுதியைக் காப்பீடு ஏற்கிறது. இங்கு ஒன்றிய அரசின் முதியோர் ஓய்வூதியப் பங்கு 79 வயதுவரை மாதம் 200 ரூபாய், 80க்கு மேல் 500 ரூபாய். 70 வயது கடந்தோருக்கு 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத்தும் சரி, மேற்கு வங்காளத்தின் சுவஸ்த்ய சாத்தியும் சரி, மருத்துவமனையில் சேர்ந்தால் பணம் தரும் திட்டங்கள். அங்கிருந்து வீடு திரும்பியபின் வீட்டில் தங்கிப் பராமரிப்பவருக்கு அவை எதுவும் தருவதில்லை. இடுப்பெலும்பை ஒட்டவைக்க லட்சங்கள் உண்டு. அந்த இடுப்போடு எழுந்து நிற்கத் தோள் கொடுப்பவருக்கு ஒரு ரூபாயும் இல்லை.

தமிழ்நாட்டின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியது. மருந்து, இயன்முறைச் சிகிச்சை, நோய்த்தணிப்புப் பராமரிப்பு ஆகியவற்றை வீட்டுக்கே கொண்டுசெல்ல அரசு பெண்களை அமர்த்திப் பணம் தரலாம் என்பதற்கு அது சான்று. கேரளத்தின் நோய்த்தணிப்பு வலையமைப்புகள் அதற்கும் முந்தியவை. ஆனால் இவர்கள் வந்துபோகிறவர்கள், இரவில் தங்குவதில்லை. தங்குபவர் ஆயா. அவருடைய பெயரை இத்தகைய அமைப்பின் பதிவேட்டில் சேர்ப்பதற்குப் புதிய கட்டடமோ பெருந்திட்டமோ தேவையில்லை. கொல்கத்தா மாநகராட்சிக்கு 144 வார்டுகள். வார்டின் சுகாதார நிலையத்தில் அப்பகுதி ஆயா சென்டர்களின் பதிவேடு ஒன்றும் ஆயாக்களின் பதிவேடு ஒன்றும் இருக்கலாம். பொதுப்பணி உதவியாளர், வீட்டுச் சுகாதார உதவியாளர் என்னும் திறன்பயிற்சிகள் ஏற்கெனவே உள்ளன. பதினைந்து ஆண்டுகள் நோயாளிகளைத் தூக்கியவரை முதல் பாடத்திலிருந்து உட்காரவைக்காமல், தெரிந்ததைச் சோதித்துச் சான்று தந்தால் போதும். சான்று இருந்தால் அட்டை வரும். அட்டை இருந்தால் அடுத்த முறை ரயில் வாயிலில் நிற்க வேண்டியதில்லை. கட்டணத்தில் சென்டரின் பங்கு எவ்வளவு என்பது குடும்பத்துக்கும் ஆயாவுக்கும் தெரியும்படி எழுதப்பட வேண்டும். அந்தத் தாளில் முதியவரும் கையெழுத்திடலாம். இயலாதவர் கைநாட்டு வைக்கலாம். யார் தம் உடலைத் தொடுவது என்பதில் அவருக்குச் சொல் உண்டு என்பதற்கு அதைவிடக் குறைந்த அடையாளம் இருக்க முடியாது.

மாணவர்கள் செய்யத்தக்க வேலையும் ஒன்று இருக்கிறது. பல வீடுகளில் தலைமாட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். இரத்த அழுத்தம், சர்க்கரை, மருந்து கொடுத்த நேரம், சிறுநீரின் அளவு ஆகியவற்றைப் பகல் ஆயா எழுதிவைப்பார். இரவு ஆயா அதைப் பார்த்துத் தொடர்வார். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லிச் செல்வார். கைப்பேசியில் குரல்பதிவாக மகனுக்கு அனுப்புவதும் உண்டு. வலிச்சொற்களின் பட்டியல் ஒன்றை, வங்காளத்தில் படங்களோடும் ஒலிப்பதிவோடும், லேக் மார்க்கெட் வீடுகளுக்கெனத் தமிழ் ஒலியோடும் செய்து அந்த நோட்டுப் புத்தகத்தோடு சேர்ப்பது ஒரு முதுகலை மாணவரின் ஒரு பருவ வேலை. அதற்குத் தரவு தருபவர்கள் ஆயாக்களாகவே இருக்க முடியும். தரவு தந்த நேரத்துக்கு அவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்பதையும் ஆய்வுத் திட்டத்தின் செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.